லீவுக்கு வந்து திரும்பிப் போனவர் யார்?

செவ்வாய்க்கிழமை காலை பத்து ஐம்பதுக்குச் செய்தி வந்தது. பாண்டிமீனா அப்போது சத்துணவுக் கூடத்தில் வெந்த பருப்பைக் கடைந்துகொண்டிருந்தாள். எதுவானாலும் ஆள் அனுப்பிக் கூப்பிடுகிற தலைமையாசிரியை அன்று தானே வெயிலில் மைதானத்தைக் கடந்து வந்து வாசலில் நின்றார்.

"மீனா, நம்ம பிலோமினாள் தவறிட்டாங்க. மதுரை பெரியாஸ்பத்திரில. காலைல நெஞ்சு வலின்னு கொண்டுபோயிருக்காங்க."

"நேத்து சாயங்காலம் எங்கூடத்தான டீச்சர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வந்தாக?" என்றாள் பாண்டிமீனா, தலைமையாசிரியை சொன்னது தப்பு என்று நிரூபிப்பதுபோல.

அடுப்பை அணைக்க வழியில்லை. பன்னிரண்டேகாலுக்கு மணி அடித்தால் நூற்றெண்பது பிள்ளைகள் தட்டோடு வந்து நிற்பார்கள். அவள் சாம்பாரைத் தாளித்து இறக்கினாள், சோற்றை வடித்தாள், வரிசையில் வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் போட்டாள். கடைசித் தட்டுக்கும் போட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்த பிறகுதான் அழுதாள்.

பிலோமினாள் மேலூர் மிஷன் பள்ளியில் இருபத்து மூன்று வருடம் எழுத்தராக இருந்தவர். சாகும்போது ஐம்பத்தோரு வயது. பள்ளிக்கூடத்துக்குள் இருக்கிற எல்லோரையும் ஊர்க்காரர்கள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். இவரைக் கூப்பிட்டால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். "நான் பாடம் நடத்துறவ இல்லய்யா. பாடம் படிச்சான்னு எழுதிக் குடுக்கிறவ" என்பார். அதனால் கிளார்க்கம்மா என்று பேராகிவிட்டது. கணவர் கிறிஸ்துராஜ் தபால் துறையில் வேலை பார்த்தார். ஒரே மகள் ஆஷ்லின் மதுரையில் கல்லூரி படித்துக்கொண்டிருந்தாள்.

அவர் பார்த்த இன்னொரு வேலைக்குச் சம்பளமும் கிடையாது, பெயரும் கிடையாது. வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவன் எவனாக இருந்தாலும் ஒரு சான்றிதழ் நகலுக்காகப் படித்த பள்ளிக்கூடத்துக்கு ஒருமுறை வந்தாக வேண்டும். வந்தவன் அவர் மேசைக்கு முன்னால் நின்றாக வேண்டும். சான்றிதழைத் தேடி எடுக்கப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் அவனுடைய கம்பெனியைத் தோண்டிவிடுவார்.

"பொண்ணு குடுக்கிற எடத்த எப்பிடி விசாரிப்பீக? மாப்பிள்ள வீட்டுக்காரக கிட்டயேவா கேப்பீக? அந்த ஊரு டீக்கடைல போயி ஒக்காந்து, யாரோ மாதிரி கேப்பீகள்ல? பொண்ணுக்கு அம்புட்டு பாக்குறவுக, ஒங்க ஒடம்பக் கொண்டுபோயி ஒருத்தன் கைல குடுக்கப்போறீகளே, அவன் யாருன்னு கேக்க வேணாமா?"

ஏஜெண்டிடம் கேட்காதே, அவன் தரகன். இப்போது அங்கே இருப்பவனிடம் கேட்காதே, பக்கத்தில் யார் நிற்கிறார்களோ தெரியாது. சண்டை போட்டுக்கொண்டு வந்தவனிடமும் கேட்காதே, அவனுக்குக் கோபம் இருக்கும். அவருக்கு வேண்டியது ஒரே ஒருவன்தான். அந்தக் கம்பெனியிலிருந்து லீவுக்கு ஊருக்கு வந்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு இரண்டு மாதம் இருந்து, சொந்த வீட்டுச் சோறு தின்று, அதற்குப் பிறகும் அதே கம்பெனிக்குத் தன் இஷ்டத்தோடு திரும்பிப் போனவன். "அவன் நம்பர் கொண்டுவாங்க. ஒருத்தன்கூட இல்லேன்னா, அந்தக் கம்பெனி வேணாம்."

இதில் ஒருமுறை தவறும் செய்தார். கொட்டாம்பட்டி முத்திருளனுக்கு மலேசியாவில் வந்த கொத்தனார் வேலையை, திரும்பிப் போனவர் ஒருவரும் இல்லை என்று தடுத்துவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அந்தக் கம்பெனி தொடங்கியே ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. யாருக்கும் லீவே வந்திருக்கவில்லை. நல்ல கம்பெனி. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறிப்போய் முத்திருளன் வீட்டு வாசலில் நின்று, "எம்மேலதான் தப்பு" என்று சொல்லிவிட்டு வந்தார். முத்திருளனின் மனைவி உள்ளே வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு யார் வந்தாலும் அவர் முதலில் கேட்ட கேள்வி, "கம்பெனி ஆரம்பிச்சு எம்புட்டு வருசமாச்சு?" என்பதுதான்.

பாண்டிமீனாவுக்கு இதெல்லாம் தெரியும். சத்துணவுக் கூடத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு வேப்பமரம்தான். ஊரானுக்கு விசா வரும்போது அவளும் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறாள். தன் வீட்டுக்கு வந்தபோதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அது 2022 ஆடி மாதம். அவள் கணவன் ஜெயபாண்டி சவூதிக்குப் போய் நான்கு வருடமாகியிருந்தது. ஒருமுறைகூட லீவுக்கு வரவில்லை. முதலில் கொரோனா என்றான். அப்புறம் அடுத்த பொங்கலுக்கு என்றான். மகளின் காதுகுத்துக்கும் வரவில்லை. பாண்டிமீனாவின் தம்பி சிவக்குமார்தான் தாய்மாமன் சீர் கொண்டுவந்து, தகப்பன் இல்லாத குறையும் தெரியாமல் பந்தலில் நின்று எல்லாம் பார்த்தான். அவன் கிரானைட் குவாரியில் ஹிட்டாச்சி ஓட்டியவன். குவாரிகள் மூடிய பிறகு கிடைத்த இடத்தில் மண் அள்ளிக்கொண்டிருந்தான்.

அந்தச் சீருக்குப் பதில்முறை போலத்தான் ஜெயபாண்டி மச்சினனுக்கு விசா அனுப்பினான். அவர்கள் பக்கத்தில் அக்கா புருசன் அனுப்புகிற விசா என்பது வெறும் வேலை இல்லை, மரியாதை. செல்போனில் வந்ததை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வாழைப்பழத்தோடு வைத்து, திருவாதவூர் வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் பாண்டிமீனாவே தம்பி கையில் கொடுத்தாள். சொந்தக்காரர்கள் பத்துப் பேர் வந்து சாப்பிட்டுப் போனார்கள்.

மறுநாள் சிவக்குமார் சான்றிதழ் நகலுக்காகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். பிலோமினாள் தாளைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்தார்.

"இந்தக் கம்பெனில இருந்து லீவுக்கு வந்தவுக யாரு தம்பி இருக்கா?"

"எங்க மச்சானே அங்கதான் இருக்காரு கிளார்க்கம்மா."

"இருக்கிறவரு சரி. வந்துட்டுப் போனவரு?"

சிவக்குமார் தலையைச் சொறிந்தான். வேப்பமரத்தடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாண்டிமீனா எழுந்து வந்தாள்.

"ஏங்க்கா, எம்புருசன் அனுப்புன விசா. அதையும் விசாரிக்கணுமாக்கும்?"

"ஒம்புருசன விசாரிக்கலடி. ஒம்புருசன் வேல பாக்குற எடத்த விசாரிக்கிறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். நாளைக்கு அவருக்குத் தெரிஞ்சா, 'மச்சினன் என்னை நம்பலையா'ன்னு கேப்பாரு. நான் மூஞ்சிய எங்கிட்டு வச்சுக்கிறது? தாம்பாளத்துல வச்சுக் குடுத்துட்டோம், ஊரே பாத்துருச்சு."

"தாம்பாளத்துல வச்சா மட்டும் கம்பெனி நல்ல கம்பெனி ஆயிருமா?"

"ஒங்களுக்கு வேற வேலை இல்லையாக்கா? ரெஜிஸ்டர எழுதுங்க. எங்க வீட்ட விட்ருங்க."

அப்படிச் சொன்ன வார்த்தையைப் பாண்டிமீனாவால் பிறகு என்றைக்கும் மறக்க முடியவில்லை. பிலோமினாள் அன்று கோபப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. இந்தப் பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு எப்பிடிச் சோறு போடுறாகன்னு ஒருத்தன் கேட்டா, யார்ட்ட கேக்கணும்? எங்கிட்டயா, ஒங்கிட்டயா?"

"எங்கிட்டத்தான்."

"ஒம்புருசன் நாலு வருசமா என்ன சாப்பிடுறாருன்னு நீ கேட்டியா?"

பாண்டிமீனா கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் 'சாப்பிட்டேன்' என்றுதான் பதில் வந்திருக்கிறது. என்ன சாப்பிட்டான் என்று ஒருநாளும் வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை சவூதியில் விடுமுறை. பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு, ஒன்றரை மணிக்குப் பாண்டிமீனாவே செல்போனை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். "நீங்களே பேசுங்க. பேசிட்டு வாய மூடிக்கிருங்க" என்று சொல்லி மேசையில் வைத்தாள். திரையில் ஜெயபாண்டியின் முகம் வந்தது. பின்னால் இரண்டடுக்குக் கட்டில்.

"தம்பி, நல்லாருக்கீகளா? ஒங்க மச்சினனுக்கு ஒரு பாரம் எழுதுறேன். அங்க சொந்தக்காரர் யாருன்னு ஒரு கட்டம் இருக்கு. ஒங்க பாஸ்போர்ட்ட எடுத்து நம்பரச் சொல்லுங்க" என்றார் பிலோமினாள். அப்படி ஒரு பாரமும் இல்லை, கட்டமும் இல்லை.

"பாஸ்போர்ட்டா... அது ஆபீஸ்ல இருக்குதுங்கம்மா."

"எப்பருந்து தம்பி?"

"வந்த அன்னைக்கே வாங்கி வச்சுட்டாக. இங்க எல்லாருக்கும் அப்பிடித்தான்."

"சரி சரி. பொங்கலுக்காச்சும் வாறீகளா? மீனா ஏங்கிப் போயி கெடக்கா."

"மாப்ள வந்து சேந்துட்டான்னா லீவு கெடைச்சுருங்கம்மா."

பிலோமினாள் பேனாவைக் கீழே வைத்தார். "சிவக்குமார் வந்தா ஒங்களுக்கு எப்பிடித் தம்பி லீவு கெடைக்கும்?"

மின்விசிறி சுற்றுகிற ஓசை மட்டும் செல்போனில் கேட்டது. பிறகு ஜெயபாண்டி சொன்னான்: "ஆள் மாத்தி விட்டுட்டுப் போங்கிறாக." சொல்லிவிட்டுச் செல்போனைத் திருப்பிக்கொண்டான். திரையில் ஒரு கட்டில் காலும், அதில் காயப்போட்ட ஒரு துண்டும் தெரிந்தன. அவ்வளவு நேரமும் பாண்டிமீனா நாற்காலியின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவன் ஆப்பரேட்டரு மீனா, அவனுக்கு ஒண்ணும் ஆகாது" என்று துண்டுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நான் வந்ததும் அவனுக்கும் வேற ஆளப் பாத்து அனுப்பி..."

"யார அனுப்புவீக?" என்று கேட்டாள் பாண்டிமீனா. "அடுத்து யாரு வீட்டுப் பிள்ளைய?"

அன்று சாயங்காலம் சிவக்குமாரிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். "நான் போறேன்க்கா" என்றான். "மச்சான் வரட்டும். நாலு வருசம் நீ பட்டது போதும். எனக்கென்ன, பொண்டாட்டியா பிள்ளையா."

இதில்தான் பாண்டிமீனாவால் முடிவெடுக்க முடியவில்லை. தம்பி போனால் கணவன் வருவான். தம்பி போகாவிட்டால் கணவன் எப்போது வருவான் என்று யாருக்கும் தெரியாது. விசாவுக்கு இருந்ததோ இருபது நாள். மூன்றாம் நாள் காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது பிலோமினாள் வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மூட்டுவலிக்காரர், அப்படி உட்கார மாட்டார்.

"ஒண்ணக் குடுத்து ஒண்ண வாங்க இது சந்தையா மீனா? ரெண்டு பேரும் நமக்கு வேணும். தம்பிய நிப்பாட்டு. ஒம்புருசன நான் கொண்டுவாரேன்."

"நீங்க எப்பிடிக்கா கொண்டுவருவீக? விமானமா ஓட்டுவீக?"

"லெட்டர் எழுதுவேன். எனக்கு வேற என்ன தெரியும்?"

பாண்டிமீனா தம்பியை நிறுத்தினாள். அவள் வாழ்க்கையில் அதைவிடக் கனமான காரியம் ஒன்றையும் செய்ததில்லை. மாமியார் வீட்டில் பேச்சு நின்றது. "புருசனவிடத் தம்பி பெருசாப் போயிட்டானா?" என்று மாமியார் ஊர் நடுவில் வைத்துக் கேட்டாள். ஜெயபாண்டியும் ஒரு மாதம் போனை எடுக்கவில்லை.

பிலோமினாள் எழுதினார். தூதரகத்துக்கு எழுதினார், வெளிநாடுவாழ் தமிழர்களுக்கான அலுவலகத்துக்கு எழுதினார். திங்கட்கிழமைகளில் விடுப்புப் போட்டுவிட்டுப் பாண்டிமீனாவையும் கூட்டிக்கொண்டு மதுரை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்குப் போனார். வரிசையில் நிற்கும்போது ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்பார். முதல் மனு காணவில்லை என்றார்கள். "காணாமப் போகும்னு தெரிஞ்சுதான் மூணு நகல் வச்சிருக்கேன்" என்று பையிலிருந்து எடுத்தார். கொடுத்துவிட்டுக் கீழே வந்ததும், "பசிக்குது, ரெண்டு வடை சாப்பிடுவமா?" என்பார். ஏழு திங்கட்கிழமை அப்படிப் போனது.

ஆனால் தாள் மட்டும் போதாது, ஜெயபாண்டி வாயைத் திறக்க வேண்டும். அவனுக்குப் பயம். புகார் கொடுத்தால் போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தான். பிலோமினாள் வெள்ளிக்கிழமைதோறும் அவனுக்குப் போன் செய்தார். புகாரைப் பற்றிப் பேச மாட்டார். மகள் என்ன மார்க் வாங்கினாள், பாண்டிமீனா இன்றைக்கு என்ன குழம்பு வைத்தாள், மழை பெய்ததா என்று மட்டும் பேசுவார். பத்தாவதோ பதினோராவதோ வெள்ளிக்கிழமை அவனாகவே, "எந்த ரோட்டுல இருக்கும்மா அந்தத் தூதரகம்?" என்று கேட்டான். அதற்கு அடுத்த வாரம் ஒருநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, அறையிலிருந்த இன்னும் இரண்டு பேரோடு டாக்சி பிடித்துப் போனான். அதற்கப்புறமும் தொழிலாளர் நீதிமன்றம், கையெழுத்து, காத்திருப்பு என்று மாதங்கள் ஓடின. 2023 பங்குனியில் மதுரை விமான நிலையத்தில் இறங்கினான். போனபோது இருந்ததில் பாதி ஆளாக வந்தான்.

வந்து நான்காம் நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். பிலோமினாளின் மேசைக்கு முன்னால் நின்று அவனால் தலையை நிமிர்த்த முடியவில்லை. மச்சினனை மாட்டிவிடப் பார்த்தவன் என்று அவரும் நினைப்பார் என்று பயந்தான்.

"சாப்பிட்டீகளா தம்பி? இன்னைக்கு ஒங்க வீட்டம்மா சாம்பார்ல உப்பு அள்ளிக் கொட்டிட்டா. பிள்ளைக தண்ணியாக் குடிக்குதுக. எல்லாம் நீங்க வந்த சந்தோசம்" என்றார் அவர்.

ஜெயபாண்டி சிரித்துவிட்டான். வந்ததிலிருந்து அவன் சிரித்து அன்றுதான் பாண்டிமீனா பார்த்தாள்.

சிவக்குமாருக்கு அவர் பார்த்த கம்பெனிகள் மூன்று. இரண்டைத் தள்ளிவிட்டார். "என்னம்மா, மாப்பிள்ள பாக்குற மாதிரி கழிச்சுக்கிட்டே இருக்கீக? கெழவனாயிருவேன் போல" என்றான் அவன். மூன்றாவது ஓமனில், சோகார் ஊரில். அந்தக் கம்பெனியில் ஒன்பது வருடமாக இருக்கும் ஒருவர் மூன்று முறை லீவுக்கு வந்து மூன்று முறையும் திரும்பிப் போயிருந்தார். பாஸ்போர்ட் அங்கே அவர் அறையில், அவர் பெட்டியில்தான் இருந்தது. பிலோமினாள் அதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகே தலையாட்டினார். சிவக்குமார் போன ஒன்றரை வருடத்தில் லீவுக்கு வந்தான், திரும்பியும் போனான். கிளம்பும் முன்பு பள்ளிக்கூடத்துக்கு வந்து, "கிளார்க்கம்மா, இனிமே எவனாச்சும் எங்க கம்பெனிக்கு வாரேன்னு சொன்னா என் நம்பரக் குடுங்க" என்றான். அவர் அதைப் பெரிய பட்டம் வாங்கியதுபோல மேசை நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடக்கத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்துக் கிறிஸ்துராஜே திகைத்துப்போனார். பங்குக் கோவிலுக்கு வெளியே செருப்பு வைக்க இடமில்லை. அதில் பாதிப்பேரை அவருக்கு யாரென்றே தெரியாது. வெள்ளலூரிலிருந்து வந்த ஒருவர், கிளார்க்கம்மா தன்னைப் போகவேண்டாம் என்று சொன்னதையும், அந்த வருடம் முழுக்கத் தான் அவரைத் திட்டித் தீர்த்ததையும் சொல்லிச் சொல்லி அழுதார். முத்திருளனின் மனைவி வந்திருந்தாள். யாரோடும் பேசாமல் ஒரு மாலையைப் போட்டுவிட்டு, மண் தள்ளி முடியும்வரை நின்றுவிட்டுப் போனாள். ஜெயபாண்டி பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவன்.

அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குச் சோழவந்தானிலிருந்து அழகுபாண்டி என்று ஒருவர் வந்தார். வெல்டர். பஹ்ரைனில் ஒரு பட்டறையில் வேலை வந்திருக்கிறது, அந்த வாரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கிளார்க்கம்மா விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருந்தார் என்றார். அவர் இறந்தது தெரியாமல் வந்திருந்தார். தெரிந்ததும் நாற்காலியில் உட்காரவில்லை, வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

தலைமையாசிரியை மேசை இழுப்பறையைத் திறக்கச் சொன்னார். பாண்டிமீனாதான் தேடினாள். அழகுபாண்டியின் பெயர் போட்ட தாள் மேலேயே இருந்தது. பிலோமினாளின் உருண்டைக் கையெழுத்தில் மூன்று நம்பர்கள். முதலாவதற்குப் பக்கத்தில்: 'லீவுக்கு வந்தார், திரும்பவில்லை. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. காரணம் நியாயம்.' இரண்டாவதற்குப் பக்கத்தில்: 'திரும்பிப் போனவர். சாப்பாடு நன்று. ஓவர்டைம் இழுத்தடிக்கிறார்கள். இன்னொருவரைக் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும்.' மூன்றாவதற்குப் பக்கத்தில் மலையாண்டி என்ற பெயர் மட்டும் இருந்தது.

"நீங்களே கேட்டுச் சொல்லுங்கக்கா" என்றார் அழகுபாண்டி. "எனக்கு எப்பிடிக் கேக்கணும்னு தெரியாது."

பாண்டிமீனா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு அந்த நம்பரை அழுத்தினாள். அந்தப் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அன்று மாலையும், மறுநாள் காலையும் முயன்றாள். அந்த மலையாண்டியிடம் இன்னும் யாரும் பேசவில்லை.